தகட்டில் எழுத்து நிற்க வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

லேசர் பிரிண்டரில் கண்ணாடிப் பிம்பமாக அச்சடித்த தாளை உலோகத் தகட்டின் மேல் கவிழ்த்து, சூடாக்கி அழுத்தும் மெஷினான ஹீட் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் எழுத்து தாளை விட்டுத் தகட்டுக்கு வந்துவிடும் என்று போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். செய்து பார்த்தவர்கள் அனுப்பிய கடிதங்கள் ஒரு கட்டு வந்திருக்கின்றன. வந்தது என்று எழுதியவர்கள் கொஞ்சம், வரவில்லை என்று எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு இரண்டாவது வகைக் கடிதங்கள்தான் பிடிக்கும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்னப் பெயர்ப் பலகைப் பட்டறை. அப்பா பித்தளையில் உளி பிடித்து எழுத்து வெட்டியவர். நான் பம்ப் செட் மோட்டார்களுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் தகடு அடித்து வளர்ந்தவன். ஹீட் பிரஸ் எனக்குக் கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளை. அதனால் அதன் குறையும் நிறையும் கொஞ்சம் தள்ளி நின்றே எனக்குத் தெரியும்.

ஐயா, பித்தளைத் தகட்டை மெட்டல் பாலிஷ் போட்டு முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கினேன். பிரஸ்ஸில் 170 டிகிரி வைத்து ஒரு நிமிடம் அழுத்தினேன். எழுத்தில் பாதி தாளிலேயே நின்றுவிட்டது. சூடு போதவில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

சூடு போதும். பாலிஷ்தான் உங்களைக் கவிழ்த்துவிட்டது. டப்பாவில் வருகிற மெட்டல் பாலிஷ் தகட்டின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். பித்தளை மறுபடி கறுக்காமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான், லேசர் பிரிண்டரின் தூளான டோனர் ஒட்டாமல் போவதும் அதனால்தான். அதோடு, முகம் தெரிகிற வழவழப்பில் டோனருக்குப் பிடிமானமும் கிடையாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். கடையில் வாங்கும் பித்தளை, அலுமினியத் தகடுகளில் சிலவற்றின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூச்சு இருக்கும். முதலில் அதை எடுக்க வேண்டும். லாக்கருக்குத் தின்னர் போதும். அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்ப்பேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் இருந்தாலும் சரிதான். பித்தளை கறுத்திருந்தால் அம்மா காலத்துப் புளியே நல்ல மருந்து, ஆனால் புளியைத் துளி மிச்சமில்லாமல் கழுவ வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு, நிறையத் தண்ணீர்.

இங்கேதான் சோதனை. தகட்டைக் குழாயடியில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பத் தேயுங்கள். தண்ணீர் கண்ணாடித் தாள் போலத் தகடு முழுக்கப் பரவி நின்றால்தான் சுத்தம். கடைசியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு. அதன் பிறகு தகட்டின் முகத்தில் விரல் படவே கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். மத்தியானம் வடை சாப்பிட்ட கையோடு தொட்டுவிட்டு, அந்த இடத்தில் மட்டும் எழுத்து வராததைப் பார்த்து மெஷினைத் திட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

ஒரு தகட்டுக்குச் சுத்தம் செய்ய இருபது நிமிடம், பிரஸ்ஸுக்கு இரண்டு நிமிடம். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர்களுடைய கடிதங்களே இந்தக் கட்டில் அதிகம்.

டோனர் என்பது மைதானே? என் வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. அதில் அடித்து மாற்ற முடியாதா?
– வாசகி, விருத்தாசலம்

முடியாது அம்மா. டோனர் மை இல்லை, நிறம் சேர்த்த பிளாஸ்டிக் தூள். பிரிண்டருக்குள் இருக்கும் சூடான உருளை அதை உருக்கித் தாளில் ஒட்டுகிறது. நாம் அதை மறுபடி உருக்கித் தகட்டில் ஒட்டுகிறோம். இங்க்ஜெட் மை தண்ணீர், அது தாளில் ஊறிப்போகும், திரும்ப உருகாது. ஜெராக்ஸ் காப்பியைப் பிளாஸ்டிக் கவருக்குள் பல மாதம் வைத்தால் எழுத்து கவரில் ஒட்டிக்கொண்டு வருமே, அதுவும் இதே சங்கதிதான். கவரை வளையச் செய்கிற எண்ணெய் போன்ற பொருள் டோனர் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஜெராக்ஸ் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க் அஸ்டோரியாவில் செய்து முதலில் வெற்றி பெற்ற பரிசோதனையே உலோகத் தகட்டில்தான். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, எழுத்து இருந்த கண்ணாடித் துண்டை மேலே வைத்து ஒளி காட்டி, தூள் தூவினார். தூள் எழுத்தாக நின்றது. அதை மெழுகுத் தாளுக்கு மாற்றிச் சூடு காட்டி ஒட்டவைத்தார். அவர் தகட்டிலிருந்து தாளுக்குப் போனார், நாம் தாளிலிருந்து தகட்டுக்குத் திரும்பி வருகிறோம்.

இன்னொன்று. இங்க்ஜெட்டுக்கு என்று விற்கும் பளபளப்பான போட்டோ பேப்பரை லேசர் பிரிண்டரில் போட்டுவிடாதீர்கள். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. நான் போட்டேன். உருளையில் சுற்றிக்கொண்டு உருகியது. பழுது பார்க்க வந்த பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பி.சி.பி. என்கிற சர்க்யூட் போர்டு வேலைக்கு என்று விற்கும் மஞ்சள் டிரான்ஸ்ஃபர் பேப்பர் நல்லது. இல்லையென்றால் வழவழப்பான வார இதழ்த் தாள். அதன் மேல் இருக்கும் களிமண் பூச்சு தண்ணீரில் இளகி டோனரை விட்டுக்கொடுக்கும். பிரிண்டரில் டோனர் சேமிப்பை அணைத்துவிட்டு, அடர்த்தியை உச்சத்தில் வையுங்கள்.

அண்ணா, நான் பாலிடெக்னிக் மாணவன். இஸ்திரிப் பெட்டியை வைத்தே தாமிர போர்டில் சர்க்யூட் மாற்றிவிடுவேன். அதே முறையில் எவர்சில்வர் தகட்டில் செய்தால் நடுவில் மட்டும் ஒட்டுகிறது, ஓரம் வருவதில்லை. ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

தாமிரம் சூட்டைக் கடத்துவதில் ராஜா தம்பி. ஒரு மூலையில் பெட்டியை வைத்தால் அடுத்த மூலையும் சூடாகிவிடும். எவர்சில்வர் அப்படியில்லை, அலுமினியம் கடத்துவதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. பெட்டி நிற்கிற இடம் கொதிக்கும், நான்கு விரல் தள்ளி வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஹீட் பிரஸ் தகடு முழுக்க ஒரே நேரத்தில் அழுத்துவதால் இந்தத் தொல்லை தீரும். பிரஸ் இல்லையென்றால் தகட்டை முதலில் ஓவனிலோ தோசைக்கல்லின் மேலோ சீராகச் சூடேற்றிவிட்டு, அப்புறம் தாளை வைத்துப் பெட்டியால் தேய்.

என் பிரஸ்ஸில் ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு 170 டிகிரி, ஒன்றரை நிமிடம். 18 கேஜ் பித்தளைக்கு முன்சூடு இரண்டு நிமிடம், பிறகு அதே ஒன்றரை நிமிடம். எவர்சில்வருக்கு முன்சூடு இன்னும் கொஞ்சம் கூட. இது என் மெஷினின் கணக்கு, உன்னுடையதில் மாறும். சூட்டை அளக்க லேசர் புள்ளி விழுகிற துப்பாக்கித் தெர்மாமீட்டரை நம்பாதே. பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துத்தான் காட்டும். தகட்டின் ஓரத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அள.

தாளை எப்போது உரிக்க வேண்டும்? சூடாக இருக்கும்போதா, ஆறிய பிறகா?
– வாசகர், ஈரோடு

ஆறிய பிறகு. நன்றாக ஆறிய பிறகு. டோனர் சூட்டில் உருகிய வெல்லப்பாகு மாதிரி. அப்போது உரித்தால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வரும். ஆறவிடும்போதும் அவசரம் கூடாது. ஓரடி நீள அலுமினியத் தகடு 170 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும், ஆறும்போது அவ்வளவும் சுருங்கும். தாள் அப்படிச் சுருங்காது. நனைந்த துணியை ஒரு பக்கம் மட்டும் போட்டு அவசரமாகக் குளிரவைத்தால் அந்தப் பக்கத்து எழுத்து விரிசல் விட்டு நொறுங்கும். நான் பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் தட்டையான மரப்பலகை மேல் வைத்து, மேலே இன்னொரு பலகை போட்டு, டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்தால் சரியாக இருக்கும். மஞ்சள் பேப்பர் அப்படியே உரிந்து வரும். வார இதழ்த் தாளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டை விரலால் உருட்டி எடுக்க வேண்டும்.

எழுத்து நன்றாக வருகிறது, புள்ளிகள் மட்டும் காணாமல் போகின்றன. 'அன்பு இல்லம்' என்று போட்டேன், 'அனபு இலலம' என்று வந்தது. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

சிரிக்கட்டும். இங்கிலீஷில் பெயர்ப் பலகை செய்பவனுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. அவனுக்கு ஒரு ஐ, ஒரு ஜே தலையில்தான் புள்ளி. நமக்கு 'டாக்டர்' என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு. புள்ளி விழுந்தால் உச்சரிப்பே மாறிப்போகும்.

புள்ளி சின்னது. சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் தனியாக நிற்கிறது. ஊறிய தாளை உருட்டும்போது முதலில் கிளம்புவது அதுதான். ண, ஞ, ஜ போன்ற எழுத்துகளில் நேர்மாறான தொல்லை. உள்சுழியில் தாள் நார் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். மெல்லிய, நளினமான எழுத்துருக்கள் திரையில் அழகாக இருக்கும், தகட்டில் ஆகாது. தடித்த எழுத்துரு எடுங்கள், உள்சுழி திறந்திருக்க வேண்டும், புள்ளி கோட்டின் தடிமனாவது இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டுப் புள்ளிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் பெரிதாக்கலாம். என் தங்கை மகன்தான் எனக்கு அதைச் செய்து தருகிறான். வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவரும் பழைய தமிழ் ஃபாண்ட் ஃபைல்களை என் கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தெல்லாம் கூழாகிவிடும் என்பதால், எப்படியும் புதிதாகத்தான் அடிக்கிறோம்.

உள்சுழி நாருக்கு: ஈரத்தோடு பழைய மென்மையான டூத் பிரஷ். நகம் வேண்டாம். போன புள்ளியைக் கறுப்புப் பெர்மனன்ட் மார்க்கரால் வைக்கலாம், ஆனால் உற்றுப் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கடைக்கு வருகிறவர்களில் தமிழாசிரியர்கள் கட்டாயம் உற்றுப் பார்ப்பார்கள்.

வாசல் கேட்டில் மாட்டப் பித்தளைப் பலகை வேண்டும். டோனரில் செய்தால் எத்தனை வருடம் நிற்கும்?
– வாசகர், கும்பகோணம்

கேட்டில் மாட்டுவதென்றால் டோனரை எழுத்தாக விடாதீர்கள். என் கடைக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன், வியாபாரம் குறைந்தாலும். கறுப்பு டோனரின் நிறம் கரியிலிருந்து வருவது, அது வெளுக்காது. ஆனால் அதைப் பிடித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த இரும்புக் கேட்டைச் சாயங்காலம் தொட்டுப் பாருங்கள், புரியும். ஹால் சுவர், பூஜையறைக் கதவு, அலுவலக மேசை, பரிசுக் கேடயம், இவற்றுக்கு டோனர் தாராளம்.

கேட்டுக்கு என்ன செய்யலாம் என்றால், அதே டோனரை உலோகத்தை அரிக்கும் கரைசலுக்குக் கவசமாக வையுங்கள். டோனர் மூடிய இடத்தை ஃபெரிக் குளோரைடு என்கிற அந்தக் கரைசல் தொடாது, மூடாத இடத்தை அரிக்கும். எழுத்து குழியாக வர வேண்டுமானால் எழுத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் கறுப்பாக அச்சடிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல்: லேசர் பிரிண்டர் பெரிய கறுப்புப் பரப்பை ஒரே சீராக அடிக்காது, ஊசி முனை ஓட்டைகள் இருக்கும், அங்கெல்லாம் பித்தளை அரிபட்டு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் நான் பெரும்பாலும் எழுத்தையும் பார்டரையும் மட்டும் டோனரால் மூடி, பின்புலத்தைக் குழியாக்குகிறேன். எழுத்து மேடாக நிற்கும். குழியில் கறுப்போ கருநீலமோ எனாமல் பெயிண்ட் நிரப்பி, காய்ந்ததும் மேடுகளை வாட்டர் பேப்பரால் தேய்த்தால் எழுத்து பொன்னாக வெளியே வரும். அப்பா உளியில் மூன்று நாள் செய்த வேலை. இது அரை நாள்.

தகட்டின் முதுகையும் ஓரங்களையும் பேக்கிங் டேப்பால் மூடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில்தான் செய்ய வேண்டும், எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரம் போய்விடும். தகட்டை முகம் கீழே பார்க்க மிதக்கவிட்டால் அரிபட்ட கசடு தானாகக் கீழே விழும். என் பட்டறையில் பித்தளை முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும், நகத்தால் தடவினால் படி தெரிய வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். வேட்டியில் பட்ட காவிக் கறை போகவே போகாது, என் வீட்டில் இதற்கென்றே இரண்டு லுங்கி ஒதுக்கியிருக்கிறார்கள். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதில் கரைந்திருக்கும் தாமிரம் மீன்களுக்கு நஞ்சு. காவிரிக் கரைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஃபெரிக் குளோரைடில் அலுமினியத் தகட்டைப் போட்டேன். பொங்கிக் கொதித்து, புகை வந்து, பயந்து வெளியே ஓடிவிட்டேன்.
– வாசகர், ஓசூர்

ஓடியது சரி. ஃபெரிக் குளோரைடு தாமிரத்துக்கும் பித்தளைக்கும். அலுமினியத்தை அது அடக்கமில்லாமல் தின்னும், சூட்டில் டோனரே கழன்றுவிடும். அலுமினியத்துக்கு மயில்துத்தமும் உப்பும் போதும். உரக்கடையில் கிடைக்கும் அதே நீலக்கல்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தம், 50 கிராம் உப்பு. அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஆக்சைடு தோலை உப்பு உடைக்கும், அதன் பிறகு அலுமினியம் கரைய, தாமிரம் செம்மண் மாதிரி அதன் மேல் படியும். அந்தச் சேற்றை அவ்வப்போது கோழி இறகால் ஒதுக்கிவிடுங்கள். இதிலும் சூடு வரும், குமிழி வரும். குமிழி ஹைட்ரஜன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு கூடாது.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அப்பா அம்மா கலர் போட்டோவைப் பித்தளையில் செய்து தர ஆசை. முகமெல்லாம் மஞ்சள் காமாலை மாதிரி வருகிறது.
– வாசகி, புதுச்சேரி

கலர் டோனர்கள் ஒளி ஊடுருவுபவை. தாளில் வெள்ளையைக் கொடுப்பது தாள்தான், பிரிண்டரில் வெள்ளை கிடையாது. பித்தளையில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் பித்தளையே தெரியும். போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, மாறுபாட்டைக் கூட்டி அடியுங்கள். பழைய ஸ்டூடியோ படம் மாதிரி பித்தளையில் அது ஓர் அழகு. கலர்தான் வேண்டுமென்றால் வெள்ளைப் பூச்சுப் போட்ட சப்ளிமேஷன் அலுமினியத் தகடு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மை ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கும். அதற்குத் தனி பிரிண்டர், தனி மை. கப்பில் போட்டோ போடும் கடைக்காரரிடம் கொடுத்தால் செய்து தருவார்.

மேலே கிளியர் லாக்கர் அடிக்கும்போது முதல் இரண்டு கை பனி விழுந்த மாதிரி லேசாக. ஈரமாக அடித்தால் அதிலுள்ள தின்னர் டோனரைக் கரைத்து, அப்பாவின் மீசை கன்னத்துக்கு வழிந்துவிடும்.

வீட்டு பிளக்கில் ஹீட் பிரஸ் ஓடுமா?
– வாசகர், தேனி

15க்கு 15 அங்குல மெஷின் ஏறக்குறைய 1,800 வாட் வரை இழுக்கும். சின்ன பிளக்கில் வேண்டாம், கீஸர் போடுகிற பவர் பிளக்கில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

கண்ணாடிப் பிம்பமாக அச்சடிக்க வேண்டும் என்கிறீர்கள். அடிக்கடி மறந்துவிடுகிறேன். வழி உண்டா?
– வாசகர், நாமக்கல்

தாளின் மூலையில், தகட்டுக்கு வெளியே விழுகிற இடத்தில், 'ழ' என்று ஓர் எழுத்து எப்போதும் வைத்துவிடுங்கள். அது தாளில் நேராகத் தெரிந்தால் தப்பு. 'ப' வைக்காதீர்கள், அது கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினாலும் 'ப' தான்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு அடுக்குமாடி வேலையில். 24 வீடுகளுக்குக் கதவு எண். எல்லாம் முடிந்து, 18ஆம் எண் தகட்டில் மட்டும் கீறல் விழுந்துவிட்டது. அவசரமாக அதை மட்டும் மறுபடி அடித்தேன், பிம்பம் திருப்ப மறந்தேன். எழுத்துருவில் 1 வெறும் கோடு, 8 எப்படிப் பார்த்தாலும் 8. தகடு பார்க்கச் சுத்தமாக இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாட்டிவிட்டு வந்து பத்து நாள் கழித்து அந்த வீட்டம்மா போன் செய்தார். கேஸ் சிலிண்டர்க்காரர் இரண்டு முறை வந்து திரும்பிப் போய்விட்டாராம், 24 வீடு உள்ள கட்டடத்தில் 81ஆம் நம்பர் எப்படி இருக்கும் என்று வாட்ச்மேனிடம் சண்டையாம்.

அந்தத் தகடு இப்போது என் பிரஸ்ஸுக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது.